வயது வந்தோரும் பத்தாம் வகுப்புத் தேர்வும்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா என்பது கடந்த 25 ஆண்டுகளைக் கணக்குப் பார்க்கும் நாள். இச்சங்கம் வளர்த்தெடுத்த பட்டதாரிகளின் பெயர்களைச் சற்று முன் வாசித்தார்கள், நெஞ்சம் குளிர்ந்தது. ஆயினும் அப்பட்டியலில் இடம்பெறாதவர்களைப் பற்றியே நாம் பேச விரும்புகிறோம். நடவுக்கும் அறுப்புக்கும் போவோர், செங்கல் சூளையில் உழைப்போர், சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் நம் சகோதரிகள் ஆகியோருள், எட்டாம் வகுப்போடு நின்றவர்களும், பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறியவர்களும் தெருவுக்குத் தெரு உள்ளனர். "இனி என்ன படிப்பு?" என்பதே இவர்கள் வாயில் வரும் சொல். அச்சொல்லுக்கு விடை கூறவே வந்தோம்.

இடையில் நின்ற படிப்பைத் தொடர்வது புதுமையன்று. மகாத்மா ஜோதிராவ் புலே தொடக்கக் கல்வியோடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, தந்தையாருடன் நிலத்தில் உழைத்தார். மணமான பின்னரே, 1841 இல், புனேயில் ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் மீண்டும் சேர்ந்து 1847 இல் படிப்பை முடித்தார். அவரும் சாவித்திரிபாயும் 1855 இல் உழவர்க்கும் தொழிலாளர்க்கும் இரவுப் பள்ளி தொடங்கினர். அண்ணல் அம்பேத்கர் 1945 இல் நிறுவிய மக்கள் கல்விக் கழகம், மறு ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தது. வேலைக்குச் செல்வோரும் படிக்க வேண்டுமென்று அங்குக் காலை வகுப்புகள் நடத்தப்பட்டன. நம் மலைக்கு அப்பால் கேரளத்தில், ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018 இல், தம் 96 ஆம் வயதில், எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். அவருக்கு இல்லாத கூச்சம் முப்பது வயதினர்க்கு ஏன்?

இனி, இத்தேர்வு ஏன் வேண்டும் என்பதைப் பார்ப்போம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வுக்குக் குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. ஆதிதிராவிடர்க்கென 18 விழுக்காடு இடம் சட்டப்படி உண்டு. பந்தியில் நமக்கும் இலை போட்டிருக்கிறார்கள். ஆனால் அச்சான்றிதழ் இல்லாதவர் பந்திக்குள் நுழையவே இயலாது. நம் முன்னோர் போராடிப் பெற்ற உரிமை ஒரு தாளுக்காக நம் வாசலில் நின்றுவிடுகிறது. அப்பணிகளுக்கு வயது வரம்பும் உண்டாதலின் காலம் தாழ்த்தலாகாது.

வழி என்ன? பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத 14½ வயது நிறைந்திருக்க வேண்டும்; உச்ச வயது கிடையாது. எட்டாம் வகுப்பு முடித்தவர்கள் நேரடியாக எழுதலாம். அதற்கு முன்பே நின்றவர்கள் முதலில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுத வேண்டும். அதற்கு 12½ வயது நிறைந்திருந்தால் போதும். முன்பு எழுதித் தவறியவர்கள் தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். பாடங்கள் ஐந்து, ஒவ்வொன்றிலும் 35 மதிப்பெண் தேர்ச்சி.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. நேரடித் தனித்தேர்வர்கள் செய்முறைப் பயிற்சிக்கெனத் தனியே பெயர் பதிந்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் 80 விழுக்காடு நாள்கள் வருகை தந்தாக வேண்டும். இப்பதிவு எழுத்துத் தேர்வுக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். படிப்பில் குறைவில்லாதவர்களும் இந்நாளைத் தவறவிட்டு ஓராண்டை இழக்கக் கண்டிருக்கிறோம்.

படிக்கும் முறையையும் சொல்வோம். நாளுக்கு இரண்டு மணி நேரம் போதும். ஆனால் ஒரு நாளும் விடலாகாது. பல ஆண்டுகள் எழுதாத கை மூன்று மணி நேரம் எழுதத் தளரும். ஆகவே முதல் நாளிலிருந்தே நாளுக்கு ஒரு பக்கமாவது எழுதிப் பழகுங்கள். கணிதம் கண்டு அஞ்ச வேண்டா. ஆயிரம் பீடிக்கு 25 பீடிக் கட்டு எத்தனை என்று கேட்டால், நாற்பது என்று நம் சகோதரி சுற்றிக்கொண்டே சொல்வாள். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 விழுக்காடு என்பது கடன் கட்டிய குடும்பத்துக்குத் தெரியாததன்று. தெரிந்த கணக்கைப் புத்தகத்தின் நடையில் எழுதக் கற்பதே இங்குள்ள வேலை. ஆங்கிலத்திற்கு நாளும் ஐந்து சொல் போதும். கடைசி இரண்டு திங்கள் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். முப்பத்தைந்தைக் குறிவைத்தவர் முப்பதில் நிற்பார்; ஐம்பதைக் குறிவையுங்கள்.

சங்கத்தார்க்கு நம் வேண்டுகோள் மூன்று. முதலாவது, வீடுவீடாகச் சென்று, யார் எந்த வகுப்பில் நின்றார்கள், மாற்றுச் சான்றிதழ் உள்ளதா என்று ஓர் ஏடு எழுதுங்கள். இரண்டாவது, அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவிப்புகளைக் கவனிக்கவும், சேவை மையத்திற்கு உடன் செல்லவும் இரண்டு இளைஞர்களை நியமியுங்கள். மூன்றாவது, இம்மன்றத்தின் ஓர் அறையில் மாலை ஏழு முதல் ஒன்பது வரை விளக்கெரியட்டும். பெண்கள் வருவதற்குத் தடையில்லாதபடி குழந்தைகளையும் உடன் அழைத்து வர இடம் கொடுங்கள். தாய் படிப்பதைப் பார்த்து வளரும் பிள்ளை பள்ளியை விட்டு நிற்காது.

பட்டதாரித் தம்பிகளே, தங்கைகளே! உங்கள் கட்டணத்துக்காகச் சூளைக்குச் சென்ற அண்ணனுக்கும், பீடி சுற்றிய அக்காளுக்கும் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கற்றுக்கொடுங்கள். அவர்கள் நின்றதனால்தான் நீங்கள் நடந்தீர்கள். அடுத்த ஆண்டு விழாவில் அவர்கள் பெயர்களும் இம்மேடையில் வாசிக்கப்பட வேண்டும் என்று கேட்டு அமைகிறோம்.

வளர்க நம் கல்விப் பணி!