மடலின் முகவரியும் மக்களின் நம்பிக்கையும்

(அலுவலர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஓய்வூதியர் ஒருவருக்கு மின்னஞ்சல் வருகிறது. அனுப்புநர் பெயர் 'ஓய்வூதிய அலுவலகம்' என்றிருக்கிறது. வங்கிக் கணக்கு விவரம் கோரப்படுகிறது. அதை நம்பலாமா என்று அவர் அறிய வழி செய்வது நம் கடமையாகும்.

அனுப்புநர் பெயர், உறையின்மேல் எவரும் எழுதக்கூடியதே. முகவரியின் பிற்பகுதியான, டொமைன் எனப்படும் களப்பெயரையும் போலியாக இடலாம். 1982-இல் வகுக்கப்பட்ட மின்னஞ்சல் விதிமுறையில் அதனைச் சோதிக்கும் வழி இல்லை. பின்னர் வந்த மூன்று ஏற்பாடுகள் களப்பெயருக்குக் காவலாகின்றன. நம் களப்பெயரில் அனுப்ப உரிமையுள்ள சர்வர்களைப் பட்டியலிடுவது எஸ்.பி.எஃப். மடலுக்கு மின்னணு முத்திரை இடுவது டி.கே.ஐ.எம். மடலில் காணப்படும் களப்பெயரோடு இவற்றுள் ஒன்றேனும் பொருந்தாவிடில், அம்மடலை என்செய்வது எனப் பெறுநரின் சர்வருக்கு அறிவிப்பது டிமார்க்.

எடுத்த எடுப்பிலேயே 'மறுத்துவிடு' என அமைத்தல் ஆகாது. ஒப்பந்ததாரர் வழிச் செல்லும் நம் உண்மை மடல்களும் தடைபடக்கூடும். முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, அறிக்கைகளை ஆராய்ந்து, விடுபட்டவற்றைச் சேர்த்தபின் கடுமையாக்குவதே முறை.

ஆயினும், இவை அனுப்புநர் பெயரைக் காப்பதில்லை. வேறொரு களப்பெயரிலிருந்து நம் பெயரை எவரும் சூட்டிக்கொள்ளலாம். ஆகவே, திட்டத்திற்கொரு புதுக் களப்பெயர் வாங்குவது தவிர்க்கத்தக்கது. அரசுக்கென ஒதுக்கப்பட்ட 'கவ்.இன்' என்பதன்கீழ் அனைத்தும் அமைந்தால், மக்கள் நினைவிற்கொள்ள வேண்டியதும் ஒன்றே.

முகவரி பதவிக்குரியதாதல் வேண்டும். 2015-இல் அறிவிக்கை செய்யப்பட்ட மைய அரசின் மின்னஞ்சல் கொள்கை, பதவிப் பெயரில் முகவரி அமைக்க இடமளித்தது. அலுவலர் மாறினும், மனுதாரரின் மடல் அடுத்து வருபவரைச் சென்றடையும்.

அலுவலக முத்திரையைப் பூட்டி வைத்துக் காக்கிறோம். களப்பெயரும் அத்தகைய முத்திரையே. அதனைக் காக்கும் பொறுப்பை, கணினிப் பிரிவினரோடு அலுவலகத் தலைவரும் ஏற்றல் வேண்டும்.