விமானி கார் ஓட்டும்போது

(கிங்ஸ் சர்க்கிளில் நடைபெற்ற அங்கத்தினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவன் என்று தெரிந்தவுடன் மாட்டுங்காவில் மாமாக்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ கார் ஓட்டறது உனக்கு ஜுஜுபியாக்கும்?" என்பதுதான். இல்லை என்றால் யாரும் நம்புவதில்லை. விமானத்தில் இருக்கும் கைத்திறமை ரோட்டில் அவ்வளவாகப் பிரயோஜனப்படாது. ஆகாயத்தில் இன்னொரு விமானம் ஆயிரம் அடி மேலேயோ கீழேயோ போகும். இங்கே ஸ்கூட்டர் கண்ணாடியை உரசிக்கொண்டு போகிறது. நம்மோடு கூட வருவது சில பழக்கங்கள் மட்டும். அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓடுபாதையில் மணிக்கு 250 கிலோமீட்டர் வாக்கில் இறங்கி, வேகத்தைக் குறைத்துக்கொண்டு வரும்போது, 60 கிலோமீட்டர் வேகம் நடந்து போவதைப்போலத் தோன்றும். ஜம்போ விமானத்தில் இரண்டு மாடிக்கு மேலான உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் இந்த மயக்கம் இன்னும் அதிகம். அதனால் தரையில் ஊர்ந்து போகும்போதும் வேகம் காட்டும் கருவியைப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பார்கள். இது விமானிகளுக்கு மட்டும் வருவதல்ல. புனே எக்ஸ்பிரஸ்வேயில் ஒரு மணி நேரம் 100இல் வந்துவிட்டு, வாஷி பாலம் தாண்டி, செம்பூர், சயான் வழியாக இங்கே நுழைகிறவர்களுக்கும் 60 என்பது 30 மாதிரிதான் இருக்கும். அந்த நேரத்தில் ஸ்பீடாமீட்டரைப் பாருங்கள். கண் சொல்வதை நம்ப வேண்டாம்.

கண் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு நம்மூரிலேயே சாட்சி இருக்கிறது. 1972 செப்டம்பர் 24ஆம் தேதி காலையில் ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி 8 ஜெட் ஒன்று சாந்தாகுரூஸ் என்று நினைத்து ஜூஹுவின் சின்ன ஓடுபாதையில் இறங்கி, அதையும் தாண்டி ஓடி நின்றது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அதற்கு முன்பே 1953இல் பி.ஓ.ஏ.சி.யின் காமெட் விமானமும் அதே ஜூஹுவில் தவறுதலாக இறங்கியிருக்கிறது. மனசு எதை எதிர்பார்க்கிறதோ அதைத்தான் கண் பார்க்கிறது.

இனி நல்ல பழக்கங்கள். புறப்படுமுன் விமானத்தை ஒருமுறை சுற்றிவந்து பார்ப்பது எங்கள் வழக்கம். காரையும் நான் சுற்றி வருவேன். எங்கள் கட்டடத்து வாட்ச்மேன் ஆரம்பத்தில் நான் ஏதோ பிரதட்சிணம் செய்கிறேன் என்று நினைத்தார்! டயரில் காற்று இருக்கிறதா என்பது ஒரு பக்கம். காம்பவுண்டில் பந்து பொறுக்க வண்டிக்குப் பின்னால் குனிந்திருக்கும் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது.

செக்லிஸ்ட் என்ற சமாசாரம் வந்த கதையும் சுவாரசியமானது. 1935 அக்டோபர் 30ஆம் தேதி அமெரிக்காவில் போயிங் கம்பெனியின் புதிய குண்டுவீச்சு விமானம் கிளம்பிய சில நொடிகளில் விழுந்தது. ஓட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் ஆடாமலிருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஞாபகசக்தியை நம்பாமல் அட்டையில் எழுதி வைத்துப் படிக்கும் முறை வேரூன்றியது. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் தவிக்கும் மாமிகளுக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொன்று, பேச்சு. பத்தாயிரம் அடிக்குக் கீழே இருக்கும்போது காக்பிட்டில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு கூடாது என்று 1981இல் அமெரிக்காவில் விதி போட்டார்கள். அதைப் பின்பற்றாத விமானக் கம்பெனி இன்று இல்லை என்றே சொல்லலாம். என் கணக்கில் தாதரிலிருந்து சயான் வரை முழுவதுமே பத்தாயிரம் அடிக்குக் கீழேதான்! போன் மட்டுமல்ல, ஜாதகப் பொருத்தமும் வீடு போய்ச் சேர்ந்த பிறகுதான்.

ஆனால் ஆபத்தைச் சொல்லும் பேச்சுக்குத் தடையே கிடையாது. 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில், மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். அனுமதி வராமலே ஓட ஆரம்பித்த விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினியர், எதிர் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டிருக்கிறார். கேப்டன் மிகவும் மூத்தவர், பேர்பெற்றவர். விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். கேட்டவர் மேலே பேசவில்லை. சின்னவர்கள் சந்தேகத்தை உரக்கச் சொல்லவும் பெரியவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்கவும் விமானிகளுக்குத் தனியாகப் பயிற்சி தர ஆரம்பித்ததற்கு இந்த விபத்து ஒரு பெரிய காரணம்.

நம் கார்களில் நடப்பது என்ன? பக்கத்தில் இருக்கும் மாமி, "ஏன்னா, லாரி வரது" என்பாள். "எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்பார் மாமா. நாற்பது வருஷமாக இதே சம்பாஷணை. எங்காத்தில் அவள் சொன்னால் கால் முதலில் பிரேக்குக்குப் போகும். லாரி வரவில்லை என்றால் வரவில்லை, அவ்வளவுதான். இரண்டு தடவை சும்மா இரு என்று கேட்டவள் மூன்றாவது தடவை சொல்லமாட்டாள்.

கடைசியாக, திரும்பிப் போவது. இறங்கும்போது குறிப்பிட்ட உயரம் வந்தும், சாதாரணமாக 200 அடி, ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியவில்லை என்றால் மேலே கிளம்பிவிட வேண்டும். இது வெட்கப்படும் காரியம் இல்லை. கிங்ஸ் சர்க்கிளில் இருப்பவர்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டாம். திரும்பவேண்டிய ரோட்டை விட்டுவிட்டால் தோட்டத்தை இன்னொரு சுற்று சுற்றினால் போயிற்று. ஆனாலும் நடுரோட்டில் ரிவர்ஸ் எடுப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

மழைக்காலத்தில் இது விளையாட்டில்லை. 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. தண்ணீர் ஏற ஏற, கதவு திறக்காமல், கண்ணாடியும் இறங்காமல், காருக்குள்ளேயே உயிரை விட்டவர்கள் உண்டு. காந்தி மார்க்கெட் பக்கம் எப்படித் தேங்கும் என்று உங்களுக்குத் தெரியும். "ஆத்துக்கு இன்னும் அரை கிலோமீட்டர்தானே" என்ற நினைப்புதான் அங்கே ஆளை இழுத்துக்கொண்டு போகும். விமானிகளையும் அதே நினைப்பு கொன்றிருக்கிறது. அதனால்தான் எங்கே திருப்பிக்கொண்டு போவது என்பதைக் கிளம்புமுன்பே, தரையில் இருக்கும்போதே, தீர்மானித்து அதற்கும் சேர்த்து எண்ணெய் நிரப்புவோம்.

என் கணக்கு இதுதான்: நடைபாதையின் ஓரக்கல் தண்ணீரில் மறைந்துவிட்டால் அதற்கு மேல் வண்டி போகாது. கிழக்கேயிருந்து வந்தால் செம்பூரில் சம்பந்தி ஆம். தெற்கேயிருந்து வந்தால் தாதரில் தம்பி ஆம். ஜூன் மாதமே இரண்டு இடத்திலும் சொல்லிவைத்துவிடுவேன். சம்பந்தி மாமி இப்போதெல்லாம் மேகம் கறுத்தாலே ரசத்துக்குப் பருப்பைக் கூடப் போட்டுவிடுகிறாளாம்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். பார்க்கிங் பற்றி மட்டும் வேண்டாம். விமானத்தை நிறுத்தும்போது எதிரே ஒருவர் இரண்டு கையிலும் விளக்கைப் பிடித்து வழி காட்டுவார். மாட்டுங்காவில் அதற்கு ஆள் கிடைக்கவில்லை.