பெட்டிக்குள் பழகிய கை



பித்தப்பையில் கல் இருக்கிறது, பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னால், இன்று பெரும்பாலும் வயிற்றை அகலமாகக் கிழிப்பதில்லை. மூன்று நான்கு சிறு துளைகள் போதும். ஒன்றின் வழியே கேமரா, மற்றவற்றின் வழியே ஒல்லியான நீண்ட கருவிகள். ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். 1985-ல் ஜெர்மனியின் போப்லிங்கன் நகரில் எரிக் மூஹே என்ற மருத்துவர் இப்படி முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். லேப்ராஸ்கோபி என்று நாம் சொல்லும் இந்த முறை, நோயாளிக்குத் தந்த சுகத்தின் பாரத்தையெல்லாம் டாக்டரின் கையில் இறக்கி வைத்துவிட்டது.

வயிற்றுச் சுவரில் உள்ள துளைதான் கருவிக்குத் தாங்குபுள்ளி. அதனால் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் உள்ளே கருவியின் நுனி இடப்பக்கம் போகும். கண் பார்ப்பது கையை அல்ல, திரையை. சாதாரணத் திரையில் ஆழம் தெரியாது. விரலால் தொட்டு உணரும் வசதியும் ஏறக்குறைய இல்லை. இத்தனைக்கும் நடுவே, இரத்தக்குழாயும் பித்தக்குழாயும் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் வெட்ட வேண்டும், கட்ட வேண்டும்.

இதை நோயாளியின் வயிற்றில் பழகிக்கொள்ளட்டும் என்று விடுவது நியாயமில்லை. அதற்காகத்தான், வயிற்றுக்குப் பதிலாகத் துளைகளும் கேமராவும் கொண்ட பயிற்சிப் பெட்டிகள் வந்தன. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சிகளை அடித்தளமாகக் கொண்டு, அமெரிக்காவில் ஐந்து செய்முறைத் தேர்வுகள் வகுக்கப்பட்டன. முதலாவது பார்க்க எளிது: ஆறு சிறு பொருள்களை ஒவ்வொன்றாக முளையிலிருந்து ஒரு கையால் எடுத்து, அந்தரத்திலேயே மறு கைக்கு மாற்றி, எதிர்ப்பக்க முளையில் மாட்ட வேண்டும். பிறகு திரும்பக் கொண்டுவர வேண்டும். கடைசித் தேர்வில்தான் நெற்றி வியர்க்கும். ரப்பர் குழாயில் குறித்த இரண்டு புள்ளிகளின் வழியே ஊசியைச் செலுத்தி, பெட்டிக்குள்ளேயே முடிச்சுப் போட வேண்டும். முதல் சுற்று இரட்டையாக, அடுத்த இரண்டும் ஒற்றையாக, ஒவ்வொரு முறையும் கை மாற்றி. முடிச்சு நழுவினால் மதிப்பெண் போகும். குழாய் பெயர்ந்து வந்தால் அந்தத் தேர்வே போகும்.

பெட்டியிலும், அறுவையைத் திரையில் போலச் செய்துபார்க்கும் கணினி மாதிரியிலும் பழகுவது அறுவை அரங்கில் உதவுமா என்ற சந்தேகம் ஆரம்பத்தில் இருந்தது. 2002-ல் யேல் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஆய்வு, கணினி மாதிரியைப் பொறுத்தவரை அதற்குப் பதில் சொன்னது. 16 பயிற்சி மருத்துவர்களில் பாதிப்பேர் கணினி மாதிரியில் கூடுதலாகப் பழகினார்கள். பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பிரிக்கும் வேலையை அவர்கள் 29 சதவீதம் விரைவாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ, தொடக்கூடாத திசுவைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு அதிகமாக இருந்தது.

சரி, பழகிய கை எத்தனை நாள் நினைவு வைத்திருக்கும்? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. பயிலரங்கில் இன்று தேறியவருக்கு உண்மையான அறுவை சிகிச்சையில் கை வைக்கும் வாய்ப்பு பல மாதம் கழித்தும் வரலாம். 2020-ல் கொரோனா காலத்தில் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகள் தள்ளிப் போனபோது, உலகெங்கும் பயிற்சி மருத்துவர்கள் இந்த இடைவெளியை நேரில் அனுபவித்தார்கள்.

2006-ல் கனடாவின் டொரண்டோவிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. அது லேப்ராஸ்கோபி அல்ல, நுண்ணோக்கியில் பார்த்து மெல்லிய இரத்தக்குழாய்களை இணைத்துத் தைக்கும் வேலை. ஆனாலும் கேள்வி இதேதான். 38 இளம் பயிற்சி மருத்துவர்களுக்கும் அதே நான்கு வகுப்புகள். ஒரு பிரிவினருக்கு ஒரே நாளில் நான்கும், மற்றவர்களுக்கு வாரத்துக்கு ஒன்றாக. பயிற்சி முடிந்த கையோடு பார்த்தபோது இரு பிரிவினரும் நன்றாகவே தேறியிருந்தார்கள். ஒரு மாதம் கழித்து, மயக்கத்தில் இருந்த எலியின் இரத்தக்குழாயைத் தைக்கச் சொன்னபோதுதான் வித்தியாசம் வெளிப்பட்டது. வாரம் ஒருமுறை பழகியவர்களின் கை வீண் அசைவின்றி இயங்கியது, தையலும் தரமாக இருந்தது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு படித்தது விடைத்தாளோடு போய்விடும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அது கைக்கும் பொருந்துகிறது. வகுப்பு முடிந்த பிறகும், உறக்கத்திலும்கூட, மூளை அந்தப் பழக்கத்தைப் பதித்துக்கொண்டிருக்கிறது. இடைவெளி அதற்குக் கொடுக்கும் அவகாசம்.

எல்லாத் திறனும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. முளையில் மாட்டும் எளிய வேலை ஓரளவு நிலைக்கிறது. முடிச்சுப் போடுவது போன்ற சிக்கலான வேலையில் சீக்கிரம் தடுமாற்றம் வருகிறது. கணிசமான திறன் தங்கிவிடுகிறது, இடையிடையே சிறிது பழகினால் இன்னும் நன்றாக நிற்கிறது என்பது நல்ல செய்தி.

இவ்வளவு தெரிந்த பிறகும், இரண்டு நாள் பயிலரங்கு, ஒரு சான்றிதழ், அதன்பின் பூட்டிய அறைக்குள் பயிற்சிப் பெட்டி என்ற வழக்கம் தொடர்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இரவு பகலாக வார்டில் நிற்கும் பயிற்சி மருத்துவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அட்டைப் பெட்டியில் துளை போட்டு, வெப்கேமராவைப் பொருத்தி, வீட்டிலேயே பழகும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது வார்டுக்குப் பக்கத்தில் எந்நேரமும் திறந்திருக்கும் ஒரு பெட்டியும், பணி நேரத்துக்குள்ளேயே ஒதுக்கிய அரை மணி நேரமும். சில மாதம் கழித்து அதே முடிச்சை மறுபடி போடச் சொல்லிப் பார்க்க ஒரு மூத்த டாக்டரும் வேண்டும். சான்றிதழில் தேறிய தேதியோடு, கடைசியாகச் சோதித்த தேதியும் இருக்கட்டும்.