இன்ஜின் இறங்கிடுச்சு, கியர்பாக்ஸை என்ன பண்றது?

போன எபிசோடுல அப்பாவோட அம்பாசிடர் இன்ஜினை இறக்கின கதையைச் சொன்னேன். நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "இன்ஜின் வெளியே வந்தாச்சு, அப்படியே கியர்பாக்ஸையும் பிரிச்சு செஞ்சிடலாமே?" கேட்க சுலபமா இருக்கு. பதில் அவ்வளவு சுலபம் இல்ல.

புதுசா கேட்கிறவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். எங்க வண்டி 1986 மாடல் மார்க் 4. பெட்ரோல் இன்ஜின், 1,489 சிசி, நாலு கியர், ஸ்டீயரிங் பக்கத்துல ஹேண்ட் கியர். இங்கிலாந்தோட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் இதுக்கு மூலம். உத்தரபாராவுல உற்பத்தி நின்னது 2014-ல. அதுக்கப்புறம் நல்ல ஸ்பேர் கிடைக்கிறது வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாகுது. இந்த விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

காரைக்கால்ல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிற பாய்கிட்ட வண்டியை விட்டிருந்தோம். ரீபோர், பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் பேசி முடிச்சாச்சு. அப்போ அவர் கேட்டார்: "தம்பி, கியர்பாக்ஸ் எப்படி இருந்துச்சு? ஓட்டிப் பார்த்தீங்களா?"

நான் முழிச்சேன். ஏன்னா பார்க்கல. புகை அடிக்குது, ஆயில் குடிக்குதுன்னு ஒரே அவசரத்துல இன்ஜினை இறக்கச் சொல்லிட்டேன். நான் செஞ்ச பெரிய தப்பு இதுதான். கியர்பாக்ஸோட நோய் வண்டி ஓடும்போதுதான் தெரியும். மேசை மேல வச்ச கியர்பாக்ஸ் பேசாது.

அதனால இன்ஜினை இறக்கறதுக்கு முன்னாடியே சில சோதனைகளைச் செஞ்சுடுங்க. வண்டியை நிறுத்தி, நியூட்ரல்ல இன்ஜினை ஓடவிட்டு, கிளட்ச்சுல இருந்து காலை எடுங்க. உள்ளே உறுமல் சத்தம் கேட்டு, கிளட்ச்சை மிதிச்சா நின்னுச்சுன்னா, இன்புட் ஷாஃப்ட் பேரிங் இல்லன்னா லே ஷாஃப்ட் பக்கம் தேய்மானம். தலைகீழா, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தா ரிலீஸ் பேரிங். அதுக்காக கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டாம்.

அடுத்தது ரோட்டுல. ஒண்ணு, ரெண்டு, மூணுல சத்தம் போட்டு, நாலுல அமைதியானா லே ஷாஃப்ட் மேல சந்தேகம் வரணும். டாப் கியர்ல சக்தி நேரா பின்னாடி போயிடும், லே ஷாஃப்ட் மேல பாரம் விழாது. மூணுல இருந்து ரெண்டுக்கு இறக்கும்போது 'கர்ர்'னு கடிச்சா சிங்க்ரோ ரிங் தேஞ்சிருக்கலாம். ஆனா கிளட்ச் முழுசா விடுபடலைன்னாலும் இதே மாதிரி கடிக்கும். முதல் கியர் கடிக்குதேன்னு பயப்படாதீங்க, இந்தப் பழைய கியர்பாக்ஸ்ல அதுக்கு சிங்க்ரோவே கிடையாது. வண்டி நின்னபிறகுதான் போடணும்.

சரி, எங்களுக்கு அந்த வாய்ப்பு போயிடுச்சு. மிச்சம் இருந்தது அப்பாவோட ஞாபகம் மட்டும்தான். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "கியர்ல ஒரு பிரச்சனையும் இல்லடா. முப்பது வருஷமா ஓட்டறேன்"னார். சாப்பிட்டுக்கிட்டே எப்படி ஓட்டுவார்னு கையாலயே காட்டினார். ரெண்டாவது கியர் போட்டதும் இடது கை லீவர்லயே நின்னுச்சு.

"ஏம்ப்பா கையை எடுக்கல?"

"எடுத்தா வெளிய வந்துடுமே."

அவருக்கு அது பிரச்சனையாவே தெரியல. கை பழகிடுச்சு.

பாய்கிட்ட சொன்னேன். அவர் உடனே கியர்பாக்ஸ்தான்னு முடிவு பண்ணல. ஹேண்ட் கியர்ல லிங்கேஜ் புஷ் தேஞ்சிருந்தாலும் கியர் முழுசா உட்காராது, நழுவிடும். பார்த்தார். புஷ் நல்லாவே இருந்துச்சு. அப்புறம் ஆயிலை ஒரு தட்டுல வடிச்சார். அடியில தங்கத் தூள் மாதிரி பித்தளை மினுக்கல், அது சிங்க்ரோ ரிங். கொஞ்சம் தூள் சகஜம், இது கூடவே இருந்துச்சு. காந்தத்தை விட்டா ரெண்டு மூணு இரும்புச் செதில். நிறம் வேற பால் கலந்த காபி மாதிரி. தண்ணி போயிருக்கு. ஒரு ஐப்பசி மழையில எங்க ஷெட்டுல தண்ணி நின்னது அப்போதான் ஞாபகம் வந்துச்சு.

இருந்தாலும் நான் தயங்கினேன். பணம் ஒரு காரணம். எடுத்து வச்சிருந்தது இன்ஜினுக்கு மட்டும்தான். இன்னொரு காரணம், ஒரிஜினல் கியரைக் கழட்டிட்டு, இன்னைக்குக் கிடைக்கிற டூப்ளிகேட்டைப் போட்டா முன்னைவிட மோசமாகலாம். நல்லா இருக்கிற கியர்பாக்ஸை, சும்மா வெளிய வந்திருக்கேன்னு பிரிக்கக் கூடாது.

எதிர்ப்பக்கமும் நியாயம் இருக்கு. பிற்பாடு கியர்பாக்ஸுக்காக மட்டும் இறக்கினா அதே கூலியை மறுபடி கொடுக்கணும். டெல்டாவுல மலை ஏற்றம் இல்ல, கியர்பாக்ஸுக்குப் பெரிய பாரம் இல்லன்னு சொல்லலாம். ஆனா சனிக்கிழமை திருநள்ளாறு ரோட்டுல போய்ப் பாருங்க. கூட்டத்துல ஊர்ந்து ஊர்ந்து, முழுக்க ரெண்டாவது கியர்தான். எங்க வண்டியில கெட்டுப்போனதும் அதே கியர்தான்.

கடைசியா பாய் சொன்ன வழி: "பிரிச்சுப் பார்ப்போம் தம்பி. தேஞ்சதை மட்டும் மாத்துவோம். மத்ததைக் கழுவி அப்படியே போட்டுடுவோம்." பிரிச்சா, ரெண்டாவது கியரோட பிடிப்புப் பல் முனை மழுங்கியிருந்துச்சு. லே ஷாஃப்ட் துருப்பிடிச்சு சொறி சொறியா இருந்துச்சு. மூணாவதும் நாலாவதும் புதுசு மாதிரி. அதைத் தொடல.

ஸ்பேருக்காகச் சென்னை புதுப்பேட்டைக்கு ரெண்டு தடவை போனேன். ரெண்டாவது கியர், சிங்க்ரோ ரிங், லே ஷாஃப்ட், அதோட நீடில் ரோலர், ஆயில் சீல். இதோட கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் முனையில இருக்கிற சின்ன புஷ். இந்தக் கடைசி மூணையும் கியர்பாக்ஸ் எப்படி இருந்தாலும் இன்ஜின் இறங்கும்போது மாத்திடுங்க. ஆயில் ஊத்தும்போதும் கவனம். கடையில கிடைக்கிற எல்லா கியர் ஆயிலும் பித்தளைக்கு ஒத்துக்காது. கம்பெனி மேனுவல் சொல்ற கிரேடை மட்டும் ஊத்துங்க.

செலவு, இன்ஜினுக்கு ஆனதுல பாதியைத் தொட்டுடுச்சு. சீட்டும் பெயின்ட்டும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போயிடுச்சு. எனக்கு வருத்தம் இல்ல. ஆர்.சி. புத்தகத்துல இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும்தான் இருக்கு, கியர்பாக்ஸுக்கு இடமே இல்ல. நாமளும் அப்படித்தான் அதை மறந்துடறோம்.

வண்டி வந்த அன்னைக்கு சாயந்தரம், அரசலாறு ஓரமா கடற்கரை வரைக்கும் போனோம். அப்பாதான் ஓட்டினார். ரெண்டாவது கியர் போட்டார். கை லீவர்லயே இருந்துச்சு.

"கையை எடுங்கப்பா, வெளிய வராது."

எடுத்தார். வரல. ஒரு நிமிஷம் கழிச்சுப் பார்த்தா, கை மறுபடி அங்கேயே.

"தெரியும்டா. சும்மாதான்."

அடுத்த எபிசோடுல உப்புக்காத்துல பாடி துருப்பிடிக்காம எப்படிப் பார்த்துக்கிறதுன்னு பேசலாம். அதுவரைக்கும், இன்ஜினை இறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. முடிஞ்சா, வழக்கமா ஓட்டறவங்க பக்கத்துல உட்கார்ந்து அவங்க கையைப் பாருங்க.