உழவர் வீட்டு அசையும் சொத்துகள்: விற்பனை, வரி, உயில்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேசும் உழவியல் ஆசிரியன் இன்று சொத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நிலத்தின் பட்டாவையும் பத்திரத்தையும் பெட்டியில் பூட்டி வைக்கிறோம். ஆனால் பம்ப்செட், உழவு மாடு, குதிரில் உள்ள நெல், நகை ஆகியவற்றுக்குப் பல வீடுகளில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருப்பதில்லை. உடன்பிறந்தவர்கள் பேச்சை முறித்துக்கொள்வது பெரும்பாலும் இவற்றால்தான்.

எது அசையும் சொத்து?

நிலம், கிணறு, கட்டிடம் ஆகியவை அசையாச் சொத்துகள். காய்ப்புக்காக நிற்கும் தென்னை, மா போன்றவையும் நிலத்தைச் சேர்ந்தவையே. ஆனால் வளரும் பயிர், புல், வெட்டி விற்பதற்கென நிற்கும் மரம் ஆகியவற்றை 1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் அசையாச் சொத்தில் சேர்ப்பதில்லை.

சிமெண்டுத் தளத்தில் பொருத்திய ஆயில் என்ஜின் எதில் சேரும்? இக்கேள்வி சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. 1969 இல் வெளியான அத்தீர்ப்பின்படி, என்ஜினைத் தரையில் பொருத்துவது என்ஜினை இயக்குவதற்காகவே. வேண்டாதபோது கழற்றி வேறிடம் கொண்டு செல்லலாம். ஆகவே அது நிலத்தின் பகுதி ஆகாது.

விற்கும்போது

தீர்ப்பு இருக்கிறதென்று வாளாவிருக்க வேண்டாம். ‘தோட்டத்தைக் கிரயம் செய்தேன்’ என்று மட்டும் எழுதினால், வாங்கியவர் மோட்டாரும் தமதே என்பார். விற்றவர் இல்லை என்பார். நிற்கும் கரும்புக்கும் இதே வம்பு வரும். எனவே மோட்டார், குழாய், நிற்கும் பயிர் ஆகியவை விலையில் அடக்கமா, இல்லையா என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். தனியே விற்றால் தனி இரசீது கொடுங்கள். டிராக்டர் விற்றால் பதிவுச் சான்றில் பெயரை மாற்றுங்கள். கடனில் வாங்கியதாயின் வங்கியின் பெயரை முதலில் நீக்குங்கள்.

வரி

நெல், கரும்பு, தேங்காய் விற்ற வருமானம் வேளாண் வருமானம். அதற்கு மத்திய வருமான வரி இல்லை. பால், முட்டை, கோழி விற்ற வருமானம் அவ்வகையில் சேராது என்பதைப் பலர் அறியார். பண்ணை பெருகும்போது இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்தல் நலம்.

வீட்டு உபயோகப் பொருளை விற்றால் வரி இல்லை. ஆனால் நகை அப்படியன்று. விற்ற இலாபம் வரிக் கணக்கில் வரும். உயில் மூலம் வந்த நகையைப் பெறுவதற்கு வரி இல்லை. மரணச் சொத்து வரி 1985 இலேயே நீக்கப்பட்டது. பின்னர் அதை விற்றால், பெரியவர் வாங்கிய விலை கேட்கப்படும். ஆகவே பழைய இரசீதுகளை எறியாதீர்கள்.

உயில்

உயிலில் நிலத்தை மட்டும் பங்கிட்டு மற்றவற்றை விட்டுவிட்டால், விடுபட்டவை வாரிசுரிமைச் சட்டப்படி செல்லும். இந்துக் குடும்பத்தில் மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் ஆகியோருக்குச் சம பங்கு. நான்கு பேருக்கு ஒரு டிராக்டரை எப்படிப் பங்கிடுவது? ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. ‘செவலைப் பசு மகளுக்கு’ என்று எழுதி, பிறகு அப்பசுவை விற்றுவிட்டால் மகளுக்கு ஒன்றும் கிடைக்காது. ‘என் காலத்திற்குப் பின் இருக்கும் மாடுகள்’ என்று எழுதுங்கள்.

2. நகை அடகில் இருந்தால், கடனைத் தீர்ப்பவர் யார் என்றும் குறிப்பிடுங்கள்.

3. இறுதியில் ‘இதில் சொல்லாத மற்றவை யாவும் இன்னாருக்கு’ என ஒரு வரி சேருங்கள்.

4. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்தோ கைநாட்டோ இடுங்கள். அவர்களும் கையெழுத்திட வேண்டும். பயன்பெறுவோரைச் சாட்சியாக வைக்காதிருத்தல் நல்லது.

5. பதிவு செய்வது கட்டாயமன்று. ஆயினும் சார்பதிவாளரிடம் பதிந்தால் பின்னால் வழக்கு குறையும்.

6. வங்கியில் நாமினியாகக் குறித்தவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே. அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடமாட்டார்.

உயிலை எழுதி முடிக்குமுன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். அதற்கு முதற்படியாக, ஒரு நோட்டில் மாடு, கருவி, நகை, இருப்பு, கடன் ஆகியவற்றை எழுதி, ஆண்டுக்கொருமுறை திருத்துங்கள். விதைக்கும் நாளைக் குறித்து வைக்கும் நமக்கு இது பெரிய வேலையன்று.