இரவில் ஊறவைத்து விடிய எடுத்துச் சாப்பிட
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் பேசப் பெரிய தலைப்புகள் எத்தனையோ இருக்க, இங்கே மனைப்பொருளியல் படித்த எங்கள் சிறு குழு தெரிவு செய்தது காலைச் சாப்பாட்டை. அதிலும், சியா விதையோடு தேங்காய்ப்பாலும் தோடம்பழமும் தேசிக்காயும் சேர்த்து, படுக்கப் போகுமுன் கலந்து வைத்துவிடும் ஒரு புட்டிங். இதற்கா ஒரு மேடை என்று நினைப்பவர்கள் ஒரு கேள்விக்கு மட்டும் மனதுக்குள் பதில் சொல்லுங்கள். இன்று காலை வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு கொடுத்துவிட்டுத்தானே வந்தீர்கள்? நீங்கள் சாப்பிட்டீர்களா?

சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் பேச வந்தோம். பிள்ளைக்குப் பிட்டு, மாமிக்குச் சீனி போடாத தேத்தண்ணீர், வேலைக்குப் போகிறவருக்குப் பார்சல். நமக்கோ நின்ற நிலையில் ஒரு பிளேன்டீயும் இரண்டு பிஸ்கட்டும். மத்தியானம் வரை அதுதான். காலைக் கூட்டத்தில் வெயிலில் நின்று மயங்கி விழுந்த பிள்ளைகளை நம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அவர்களில் பலர் சாப்பிடாமல் வந்தவர்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தாய்மாராகி, இன்னும் சாப்பிடாமலே இருக்கிறோம்.

காரணம் சோம்பலல்ல, நேரமும் நெருப்பும்தான். இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் விடிய முன் எழும்ப வேண்டும். 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்களில், அடுப்பு இல்லாவிட்டால் நம் காலைச் சாப்பாட்டில் பாணைத் தவிர ஒன்றும் மிஞ்சாது என்று தெரிந்துகொண்டோம். பால்மாவும் கிடைக்காத நாட்கள் அவை. அடுப்பும் வேண்டாம், பால்மாவும் வேண்டாம், காலையில் கைவேலையும் வேண்டாம் என்ற சாப்பாட்டை நாங்கள் தேடத் தொடங்கியது அதன் பிறகுதான். லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கும் நம் தங்கைமார் அனுப்பும் படங்களில் அடிக்கடி வருகிற சியா புட்டிங்கை அப்படித்தான் கையில் எடுத்தோம்.

சியா நமக்குத் தூரத்து உறவு. மெக்சிகோவும் குவாத்தமாலாவும் அதன் சொந்த ஊர். ஐரோப்பியர் போய் இறங்குவதற்கு முன்பே அஸ்டெக் மக்கள் அதைப் பயிரிட்டு மாவாக்கி உண்டார்கள். செடியின் குடும்பம் நம் துளசியின் குடும்பம். விதையின் மேல்தோலில் ஒரு பசைப்பொருள் இருக்கிறது. அது தன் எடையைப்போல் பத்து மடங்கு அளவுக்குத் தண்ணீரை இழுத்துப் பிடித்து முழுவதையும் கெட்டியாக்கிவிடும். வட்டிலப்பத்தில் முட்டையும் ஆவியும் செய்கிற வேலையை இங்கே விதை தானாகச் செய்கிறது.

இனிச் செய்முறை. இரண்டு பேருக்கு நான்கு மேசைக்கரண்டி சியா போதும். ஒரு கோப்பை தேங்காய்ப்பால் வேண்டும். முழுவதும் முதற்பாலாக இருந்தால் காலையில் வயிறு பாரமாகிவிடும், ஆகவே முதற்பால் பாதி, இரண்டாம் பால் பாதி. புத்தளம், குருநாகல், கம்பஹா மூன்றும் சேர்ந்ததுதான் தென்னை முக்கோணம். தென்னை ஆராய்ச்சி நிலையமே நம் மாவட்டத்து லுணுவிலவில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் வாதுமைப் பாலைப் பெட்டியில் வாங்க வேண்டுமா? வெளிநாட்டில் இருப்பவர்கள் எது கிடைக்கிறதோ அதில் செய்யுங்கள், பசுப்பாலும் சரி.

பாலில் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு மேசைக்கரண்டி கித்துள் பாணி அல்லது சீவிய பனங்கட்டி, நகத்தளவு கறுவாத் தூள். 1344இல் புத்தளத்துக்கு வந்த இப்னு பதூதா, கடற்கரையெல்லாம் கறுவாக் கட்டைகள் கிடந்ததாக எழுதி வைத்திருக்கிறார். அதை எண்ணியாவது ஒரு சிட்டிகை போடுங்கள். பிறகு சியாவைத் தூவிக் கலக்குங்கள். கலக்கிவிட்டுப் போய்விடக் கூடாது. பத்து நிமிடம் கழித்து வந்து இன்னொரு தடவை நன்றாகக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் விதையெல்லாம் அடியில் ஒரு கட்டியாக உட்கார்ந்து, மேலே வெறும் பால் நிற்கும். செய்து பார்த்துச் சரிவரவில்லை என்று எங்களிடம் சொன்னவர்களில் பெரும்பாலானோர் இந்த இரண்டாவது கலக்கலை விட்டவர்கள்.

புளிப்பை எப்போது சேர்ப்பது என்பதில்தான் சுவை இருக்கிறது. இரவில் சாறு விடாதீர்கள். பசுப்பாலானால் தேசிப்புளி பட்டதும் திரைந்துவிடும், தேங்காய்ப்பாலும் புளி கூடினால் பிரியும். இரவில் சேர்க்க வேண்டியது தோல். ஒரு தோடம்பழத்தையும் அரைத் தேசிக்காயையும் நன்றாகக் கழுவி, மேல்தோலை மட்டும் சீவிப் பாலில் போடுங்கள். வாசனை எண்ணெய் அந்தத் தோலில்தான் இருக்கிறது. அது கொழுப்பில் கரையும். தேங்காய்ப்பால் இரவு முழுவதும் அதை இழுத்து வைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி வரை சீவினால் கசக்கும். கடையில் வாங்கும் இறக்குமதித் தோடம்பழத்தின் தோலில் மெழுகு பூசியிருக்கலாம், இளஞ்சூட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். பிபிலைத் தோடம்பழம் கிடைத்தால் அதுவே நல்லது. தோல் பச்சையாக இருக்கிறதே, காயோ என்று இங்கே பிறந்து வெளியே வளர்ந்த பிள்ளைகள் கேட்கிறார்கள். குளிர் இல்லாத நாட்டில் தோடம்பழம் பழுத்தாலும் மஞ்சளாவதில்லை, அவ்வளவுதான்.

காலையில் பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஒரு கிண்டு கிண்டுங்கள். தேங்காய்க் கொழுப்பு மேலே உறைந்திருக்கும். சீவிய தோடம்பழத்தின் சுளைகளை விதை நீக்கிப் பிய்த்துப் போட்டு, சில துளி தேசிப்புளி விட்டுச் சாப்பிட வேண்டியதுதான். சூடாக்காமல் சாப்பிடுவதால் பழத்தின் உயிர்ச்சத்து சி குறையாமல் வருகிறது. தாவர உணவிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள அது உதவும். நம் பெண் பிள்ளைகளுக்கு இது சிறிய விஷயமல்ல. ஆனால் கூடவே தேத்தண்ணீரைக் குடித்தால் அந்த உதவி குறைந்துவிடும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். தேத்தண்ணீரை விடச் சொல்லவில்லை. சொன்னாலும் யார் கேட்கப் போகிறீர்கள்?

பிரிட்ஜ் இல்லாத வீட்டில் பால் சேர்த்ததை இரவு வெளியே வைக்கக் கூடாது. நம் கரையோர வெக்கையில் தேங்காய்ப்பால் விடிவதற்குள் பழுதாகிவிடும். எழும்பியதும் விதையைக் கொதித்தாறிய தண்ணீரில் போட்டுக் கலக்கிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். அரை மணித்தியாலத்தில் ஊறியிருக்கும். பிறகு புதிதாகப் பிழிந்த பாலைச் சேர்க்கலாம்.

சியா விலை கூடியது, எங்கள் ஊர்க் கடையில் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் பதில் கசகசா. நோன்பு துறக்கும்போது சர்பத்தில் மிதக்கிறதே, பலூடாவில் போடுகிறோமே, அதே கறுப்பு விதைதான். அதுவும் துளசிக் குடும்பம். கால் மணித்தியாலத்தில் ஊதிவிடும். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சியா பாலை முழுவதும் பிடித்துக் கெட்டியாக்கும். கசகசா ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு கண்ணாடிச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். அதனால் அது மட்டும் போட்டால் புட்டிங் வராது. ஒரு மேசைக்கரண்டி கசகசாவைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்து, எருமைத் தயிரிலோ மசித்த வாழைப்பழம் கலந்த ஊறிய அவலிலோ சேர்த்து, தோடஞ்சுளையும் தேசித்தோலும் போடுங்கள். சொல்லப்போனால் எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு இதுதான் சியாவை விடப் பிடித்தது.

இதை வாசிக்கும் மத்திய கிழக்குத் தங்கைமாருக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. இலங்கையில் நாம் கசகசா என்பது திருநீற்றுப்பச்சிலை விதை. தமிழ்நாட்டில் அதற்குப் பெயர் சப்ஜா. தமிழ்நாட்டில் கசகசா என்று கேட்டால் குருமாவுக்கு அரைக்கும் வெள்ளை விதையைத் தருவார்கள். அது அபின் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் அதற்குத் தடை. சென்னை வழியாகப் போகிறவர்கள் பெயரை நம்பி வாங்கிப் பயணப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். சப்ஜா என்று கேட்டு, கறுப்பு விதைதானா என்று பார்த்து வாங்குங்கள்.

சியாவைப் பற்றி ஊதிப் பெருப்பித்த கதைகளும் உலாவுகின்றன. உண்மையான நன்மை அதன் நார்ச்சத்து. இரண்டு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 8 கிராம் இருக்கும். வெள்ளைப் பாண் துண்டு ஒன்றில் 1 கிராம் அளவுதான். வளர்ந்தவர்களுக்கு நாளைக்கு 25 கிராமாவது வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. புரதம் அந்த அளவு விதையில் 4 கிராம் மட்டுமே, ஆகவே வளரும் பிள்ளைக்கு அவித்த முட்டை ஒன்றையும் கூட வையுங்கள். ஒமேகா 3 இருக்கிறது, மீன் வேண்டாம் என்ற பேச்சை மட்டும் நாங்கள் ஏற்கவில்லை. சியாவில் இருப்பது தாவர வகை. அதில் சிறு பங்கைத்தான் உடல் மீனில் உள்ள வகையாக மாற்றிக்கொள்ளும். கற்பிட்டியிலும் உடப்பிலும் சிலாபத்திலும் சாளையும் சூடையும் கரைக்கு வருகிற நாம் விதையை நம்பி மீனை விட வேண்டியதில்லை.

விதையை உலர்ந்தபடி ஒருபோதும் வாயில் போடாதீர்கள். உலர்ந்த சியா ஒரு மேசைக்கரண்டி விழுங்கித் தண்ணீர் குடித்த ஒருவருக்கு, அது உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொண்டதை அமெரிக்க மருத்துவர்கள் 2014இல் ஒரு மாநாட்டில் எடுத்துச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் விழுங்கக் கஷ்டப்படும் முதியவர்களுக்கும் இன்னும் கவனம். நார் சாப்பிட்டுப் பழகாதவர்கள் ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, தண்ணீரையும் கூட்டுங்கள். சீனி வருத்தத்துக்கோ இரத்தம் உறையாமல் இருக்கவோ மருந்து எடுப்பவர்கள் தினமும் சாப்பிடுமுன் தங்கள் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். டின்பாலை ஊற்றிச் செய்து, இது ஆரோக்கியமான சாப்பாடு என்று எங்கள் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். அது பெருநாள் இனிப்பு.

வீட்டில் பிழிந்த பாலில் செய்ததை மறுநாளே முடித்துவிட வேண்டும். பெட்டிப் பாலில் செய்தது பிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். மூடியுள்ள சிறிய ஜாம் போத்தல்களில் ஆளுக்கொன்றாக ஊற்றி வையுங்கள். பொதுவாக ஒரு சட்டியில் வைத்தால் எல்லாருக்கும் பரிமாறி முடிய அம்மாவுக்கு அடிச்சட்டிதான் மிஞ்சும் என்பது நமக்குத் தெரியும். ஒரு போத்தலில் உங்கள் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.

வெளி மண்டபத்தில் வலப்பக்க மேசையில் சியா, இடப்பக்க மேசையில் கசகசாவும் தயிரும் வைத்திருக்கிறோம். காலையில் சாப்பிடாதவர்கள் முதலில் வாருங்கள்.