கொல்லிமலை எரிமலையா?



சேந்தமங்கலத்தில் நின்று கிழக்கே நோக்கினால், சமவெளியிலிருந்து மதில்போல் எழுந்து நிற்கும் கொல்லிமலையைக் காணலாம். காரவள்ளியிலிருந்து மேலேறும் பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே மலையின்மேல் சேர்கிறது. வல்வில் ஓரி ஆண்ட மலை அது.

இளம் ஆசிரியனாக நான் அப்பகுதியில் பணிபுரிந்த காலத்தில், ஒருநாள் வகுப்பில், "இம்மலை முன்னொரு காலத்தில் நெருப்பைக் கக்கிய எரிமலை" என்று துணிந்து கூறிவிட்டேன். செங்குத்தான சரிவு, தட்டையான மேற்பரப்பு, சுட்ட செங்கல் போன்ற செம்மண் ஆகிய மூன்றையுமே சான்றாகக் காட்டினேன்.

மறுவாரம், மலையூர் மாணவன் ஒருவன் கல்லொன்றைக் கொணர்ந்து மேசைமீது வைத்தான். "ஐயா, இதில் எரிந்த அடையாளம் எங்கே இருக்கிறது?" என்று பணிவுடன் வினவினான். என்னிடம் விடையில்லை. அக்கல்லை எடுத்துக்கொண்டு, நிலநூல் கற்ற நண்பர் ஒருவரிடம் சென்றேன். அன்று அவரிடம் கற்றதையும், பின்னர் நூல்களில் பயின்றதையும் இன்று உங்களுக்குக் கூறுகிறேன்.

எரிமலைகள் பலவகைப்படும். வாயு நிறைந்த குழம்பு வானில் சிதறி, துளைகள் மலிந்த கரிக்கட்டிகளாய்க் குளிர்ந்து, வாயைச் சுற்றிக் குவிந்தால் அது சாம்பற்கூம்பு. 1943ஆம் ஆண்டு பிப்ரவரியில் மெக்சிகோ நாட்டில், ஓர் உழவரின் சோள வயல் பிளந்து பாரிக்குட்டின் என்னும் கூம்பு பிறந்தது. 1952இல் அடங்குவதற்குள் அது 400 மீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டது. அதனைச் சூழ்ந்த மலைநாட்டில் அத்தகைய கூம்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. குழம்பு களிபோல் கெட்டியாய் இருந்தாலோ, அது நெடுந்தூரம் ஓடாது. வாயின்மீதே பிதுங்கித் திரண்டு குவிமாடமாகும்.

இவ்விரு வகைகளையும் காண நாம் மெக்சிகோ வரை செல்ல வேண்டுவதில்லை. அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவில், பழைய எரிமலை வாயின் நடுவே சாம்பற்கூம்பு ஒன்று நிற்கிறது. 1787இல் அது கனன்றதைக் கண்டோர் எழுதிவைத்தனர். நெடுநாள் உறங்கியபின் 1991இல் மீண்டும் சீறியது. அதற்கு வடக்கேயுள்ள நார்கொண்டம் தீவு, கெட்டிக்குழம்பு திரண்டெழுந்த குவிமாட வகையைச் சேர்ந்தது.

இனி, அம்மாணவன் கொணர்ந்த கல்லைப் பார்ப்போம். நிலத்தின்மேல் விரைந்து குளிரும் குழம்பில் மணிகள் பெரிதாக வளர நேரமில்லை. வாயு வெளியேறிய துளைகளும் அதில் பெரும்பாலும் காணப்படும். இக்கல்லிலோ துளையே இல்லை. நீலச்சாம்பல் நிறத்தில், எண்ணெய் பூசியது போன்ற மினுக்கத்துடன், பருத்த மணிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக் கிடந்தன. இதற்குச் சார்னோக்கைட் என்று பெயர். சென்னையை அடுத்த பறங்கிமலையும் இப்பாறையே. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமீது இவ்வகைக் கல் இருந்ததைக் கண்ட ஹாலண்ட் என்னும் அறிஞர், 1893இல் அவர் பெயரையே இதற்குச் சூட்டினார்.

ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில், பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் உருவான பாறை இது. பின்னர் நிலம் உயர்ந்தது, மேலிருந்த பாறைகளை மழையும் ஆறும் அரித்தகற்றின, அடியிலிருந்தது வெளிப்பட்டது. தட்டையான மேற்பரப்பும் செங்குத்துச் சரிவும் இவ்வாறு வந்தவையேயன்றி, எரிமலை வாயினால் வந்தவை அல்ல.

செம்மண்ணும் நெருப்பின் வேலையன்று, நீரின் வேலை. காலங்காலமாகப் பெய்த மழை பாறையிலுள்ள மணற்சத்தைக் கரைத்துச் செல்ல, இரும்பும் அலுமினியமும் எஞ்சின. இரும்பு துருவேறிச் சிவந்தது. அலுமினியம் மிகுந்த இடங்களில் பாக்சைட் தாது உண்டாயிற்று. நெருப்பென்று நான் நினைத்ததெல்லாம் நீரின் கைவண்ணமே!

மறுநாள் வகுப்பில், "நான் கூறியது பிழை, இம்மாணவன் கொணர்ந்த கல்லே சரி" என்று சொன்னேன். சொல்வதற்கு முன் நா எழவில்லை. சொன்னபின் நெஞ்சம் இலேசாயிற்று. வகுப்பில் என் மதிப்பு குறையுமென அஞ்சினேன். மாறாக, அடுத்த வாரம் மேசை நிறையக் கற்கள் குவிந்தன.

ஆகவே நண்பர்களே, மலையின் தோற்றத்தை மட்டும் கண்டு அதன் வரலாற்றை எழுதிவிடாதீர்கள். ஒரு கல்லைக் கையிலெடுத்துப் பாருங்கள். அது உங்கள் ஆசிரியரின் சொல்லுக்கு மாறாகச் சான்று கூறினால், பணிவோடு கேளுங்கள். ஆனால் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.